முயற்கொம்பின் மேல் ஒரு சத்தியம்

டெக்சாஸ் மாநிலத்தில் பொய் சொல்ல யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. ஆனால் முறைப்படி பொய் சொல்வதென்றால் அதற்கென்று ஒரு கழகம் இருக்கிறது. தேசிய நாட்டார் புளுகு மரபுக் காப்புக் கழகம் என்று பெயர். ஃபிரிஸ்கோவிலிருந்து அரைமணி நேரம் காரில் போனால், ஒரு பல் ஆஸ்பத்திரிக்கும் டயர் கடைக்கும் நடுவே, இரண்டையும்விட அதிகமாகப் பிடுங்கி, அதிகமாகக் காற்றடிக்கும் கட்டடம் ஒன்று தெரியும். அதுதான்.

மலையை இடறி விழுந்து, எழுந்து, மலையிடம் மன்னிப்புக் கேட்டவன், முள்கம்பியால் தலைவாரிக்கொண்டவன், புயலுக்குக் கடிவாளம் போட்டுச் சந்தைக்கு ஓட்டிப் போனவன். அமெரிக்க நாட்டார் கதைகளில் உலவும் இப்படிப்பட்ட பெருமக்களையெல்லாம் கலப்படமில்லாமல் காத்து வருவது கழகத்தின் திருப்பணி. கலப்படம் என்றால் உண்மை. அது எங்கேயாவது ஒரு சொட்டுக் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளத் தனியாக ஓர் உண்மைத் தடுப்பு அலுவலரே உண்டு.

இந்தக் கழகத்துக்கும் கோபிசெட்டிபாளையத்துச் செழியனுக்கும் எந்த ஜென்மத்திலும் சம்பந்தமில்லை. சம்பந்தத்தை உண்டாக்கியவர் ஹூஸ்டனில் ஹில்கிராஃப்ட் சாலையில், சேலைக் கடைக்கு மேல்மாடியில் அலுவலகம் வைத்திருக்கும் குடியுரிமை வக்கீல் ராமசுப்ரமணியன்.

செழியன் ஃபிரிஸ்கோவில் ஒரு கம்பெனியில் டேட்டாபேஸ் பார்ப்பவர். கிரீன் கார்டு வரிசையில் பத்து வருடத்துக்கு மேலாக நிற்கிறார். அந்த வரிசை பிறந்த நாட்டுக்கு ஒன்று. இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை எங்கே முடிகிறது என்று பார்க்கப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. இதற்கு நடுவே கம்பெனியில் ஆட்குறைப்புப் பேச்சு. வேலை போனால் இரண்டு மாதத்துக்குள் மூட்டை கட்ட வேண்டும். வீடு, கார், இங்கேயே பிறந்து மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் அதிதி, எல்லாம் அந்த ஒரு அட்டையில் தொங்கிக்கொண்டிருந்தன.

"ஒரே வழிதான் செழியன்," என்றார் வக்கீல் போனில். "அசாதாரணத் திறமை உள்ளவங்களுக்குத் தனி க்யூ இருக்கு. கூட்டம் கம்மி. நேஷனல் லெவல்ல ஒரு பிரைஸ் காட்டினா கேஸைத் தூக்கி நிறுத்திடலாம். என்ன திறமை இருக்கு?"

"டேட்டாபேஸ் பாப்பனுங்க சார்."

"அது நம்ம ஊர்ல பொறக்கறப்பவே கூட வர்றது. வேற?"

"ஸ்கூல்ல ஸ்பூன்ல எலுமிச்சம்பழம் வெச்சு ஓடி ஆறுதல் பரிசு வாங்கியிருக்கறனுங்க."

"நேஷனல் லெவலா?"

"கோபி ஒன்றிய லெவலுங்க."

வக்கீல் பெருமூச்சு விட்டார். பிறகுதான் கழகத்தின் பெயரைச் சொன்னார். "வருஷா வருஷம் புளுகுப் போட்டி வெக்கறாங்க. பேர்லயே நேஷனல் இருக்கு. பங்கெடுக்கறது பத்துப் பேருதான். போன வருஷம் ஜெயிச்சது ஒரு பிளம்பர்."

"பொய் சொல்லணுங்களா சார்?"

"அசாதாரணமாச் சொல்லணும்."

செழியன் வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி சண்முகப்ரியா தோசைக்கல்லிலிருந்து திரும்பக்கூட இல்லை. "அடுத்த வருஷம் வந்துரும், அடுத்த வருஷம் வந்துரும்னு பத்து வருஷமாச் சொல்றீங்களே, அதுக்கே மொதப் பரிசு குடுக்கலாமுங்க," என்றாள்.

உறுப்பினராகச் சேரப் போனால், முதலில் நேர்காணல். உண்மைத் தடுப்பு அலுவலர் லோர்னா பிட்மன் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, விமான நிலைய அதிகாரிபோல் செழியனைப் பார்த்தார். உண்மை பேசியதற்காக எங்கேனும் தண்டிக்கப்பட்டதுண்டா? குடும்பத்தில் நீதிபதி, விஞ்ஞானி, கணக்குத் தணிக்கையாளர் யாரேனும் உண்டா? சாட்சிக் கூண்டில் ஏறிய பழக்கம் உண்டா?

"இல்லீங்க மேடம். டேட்டாபேஸ்ல மட்டும் உண்மையா இருப்பனுங்க."

"எத்தனை காலமாக?" என்று கேட்ட லோர்னாவின் குரலில், குடிப்பழக்கத்தை விசாரிக்கும் டாக்டரின் கனிவு இருந்தது.

சனிக்கிழமைகளில் பயிற்சி வகுப்பு. நடத்தியவர் கழகத் தலைவர் டெல்பர்ட் ஹாக்கின்ஸ். அவருடைய தொப்பிக்கு அடியில் ஒரு சிறு குடும்பம் குடியிருக்கலாம். வாடகை மட்டும் கட்டுப்படியாகாது. முதல் நாளே அமெரிக்க நாட்டார் கதைகளின் பிறப்பைப் பற்றி உருகி உருகிப் பேசினார்.

"நண்பர்களே, நம் கதைகள் இந்த மண்ணிலிருந்து தாமாக முளைத்தவை. எவரும் எழுதியதல்ல. எங்கிருந்தும் வந்ததல்ல. என் கொள்ளுத்தாத்தா நிலம் விற்றார். தண்ணீர் இல்லாத நிலம். வெளியூர்க்காரர்கள் வாங்கத் தயங்கினார்கள். 'ராட்சத ரூஃபஸ் குதிகாலை ஊன்றிய இடமெல்லாம் ஊற்று' என்று ஒரு துண்டுப் பிரசுரம் அடித்தார். ஜனங்கள் வந்தார்கள். நிலம் விற்றது. ஊற்று வரவில்லை. ஆனால், நண்பர்களே, ரூஃபஸ் வந்துவிட்டான்! இதைத்தான் மண்ணின் ஆன்மா என்கிறோம்."

நாலைந்து பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். செழியன் கையைத் தூக்கினார். "அப்ப அந்தக் கதையை எழுதினது உங்க கொள்ளுத்தாத்தாங்களா சார்?"

லோர்னா எழுந்தார். "நாட்டார் கதைக்கு ஆசிரியர் கிடையாது. ஆசிரியர் இருந்தால் அது விளம்பரம். ஆசிரியரை மறந்துவிட்டால்தான் அது நாட்டார் கதை."

"மறக்கலீங்களே மேடம். இப்பத்தானே சொன்னாரு."

"அதற்காகத்தான் ஆண்டுப் பொதுக்குழுவில் ஒவ்வொரு முறையும் மறதித் தீர்மானம் நிறைவேற்றுகிறோம். ஒருமனதாக."

அன்றைக்கே ஒரு பெண்மணியைக் கழகத்திலிருந்து நீக்கவும் செய்தார்கள். அவர் சொன்ன நரிக்கதையில் வந்த நரி, அவருடைய பாட்டனாரோடு ஸ்காட்லாந்திலிருந்து கப்பலேறி வந்தது என்று லோர்னா துப்பறிந்துவிட்டார். கப்பலில் வந்த கதை இறக்குமதிச் சரக்கு. மாட்டு வண்டியில் வந்த கதை மண்ணின் கதை என்று தலைவர் விளக்கினார். மாட்டு வண்டி எதில் வந்தது என்று கேட்கச் செழியனின் நாக்கு துருதுருத்தது. கிரீன் கார்டை நினைத்து அடக்கிக்கொண்டார்.

சிரிக்காத முகத் தேர்வு என்று ஒன்று வைத்தார்கள். எவ்வளவு பெரிய புளுகானாலும் முகத்தில் ஒரு நரம்பு ஆடக்கூடாது. செழியன் முதல் வகுப்பில் தேறினார். வாராவாரம் மேனேஜரிடம் 'புராஜெக்ட் சரியான நேரத்தில் முடிந்துவிடும்' என்று சொல்லிச் சொல்லி மரத்துப்போன முகம் அது.

போட்டிக்கென்று ஓர் ஆலங்கட்டி மழைக் கதையைத் தயாரித்தார். ஃபிரிஸ்கோவில் ஒரு நாள் வீட்டளவு ஆலங்கட்டி விழுகிறது. செழியன் அதற்குள் சுரங்கம் வெட்டி ஏசி இல்லாமல் கோடையைக் கழிக்கிறார். கதையை நம் ஊர் முறைப்படி முற்றுப்புள்ளி உட்பட நெட்டுருப் போட்டார். சண்முகப்ரியா கரண்டியோடு நின்று ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டாள். அதிதி சோபாவிலிருந்து தலையை நீட்டி, "அப்பா, யூ சவுண்ட் லைக் த வெதர் சேனல்," என்றாள்.

போட்டி நாளன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடையின் நடுவே கண்ணாடிப் பெட்டியில் பஞ்சடைத்த முயல் ஒன்று. அதன் தலையில் மான்குட்டியின் கொம்பு இரண்டு. அமெரிக்கக் காடுகளில் இந்தக் கொம்பு முயல் திரிவதாக ஐதீகம். இல்லாத பொருளுக்கு நாம் முயற்கொம்பு என்று பெயர் வைத்ததோடு நிறுத்திக்கொண்டோம். அமெரிக்கர்கள் அதைச் செய்தே பார்த்துவிட்டார்கள்.

செழியனின் முறை வரும் நேரத்தில் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அந்த மாதத்து விசா அறிவிப்பு. எந்தத் தேதி வரைக்கும் விண்ணப்பித்தவர்கள் இப்போது உள்ளே வரலாம் என்று மாதாமாதம் அரசாங்கம் சொல்லும் தகவல். கிழக்கே பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து மேற்கே பே ஏரியா வரை நம் ஜனங்கள் ராசிபலனை விட்டாலும் அதை விடமாட்டார்கள். செழியன் பார்த்தார். தேதி முன்னால் போகவில்லை. இரண்டு வருடம் பின்னால் போயிருந்தது.

மேடையேறி மைக்கைப் பிடித்தபோது ஆலங்கட்டி முழுவதும் உருகி ஓடிப்போயிருந்தது. ஒரு வரிகூட நினைவில்லை. நெஞ்சில் இருந்ததுதான் வாயில் வந்தது.

"நான் ஒரு வரிசையில நிக்கறனுங்க," என்று கோபி மணக்கும் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். "பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. நான் நின்ன எடத்துலயேதான் நிக்கறேன். இப்பத்தான் கவுண்ட்டர் பின்னால போயிருச்சு."

மண்டபத்தில் ஒரு சிரிப்பு வெடித்தது. செழியன் குழம்பினார்.

"சிரிக்காதீங்க, நெசமாத்தான். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரே அளவு கிண்ணத்துலதான் கார்டு அளந்து ஊத்துவாங்க. ஐஸ்லாந்துக்கும் அதே கிண்ணம், இந்தியாவுக்கும் அதே கிண்ணம்."

ஒருவர் தொடையில் அறைந்துகொண்டார்.

"நான் இந்த நாட்டுக்குள்ள வரலாம்னு பாஸ்போர்ட்ல முத்திரை வாங்கணும்னா, நாட்டை விட்டு வெளியே போகோணும். அங்க முத்திரை கெடைக்கலைன்னா என் காரு மட்டும் ஏர்போர்ட் பார்க்கிங்ல அமெரிக்காவுல இருக்கும்."

டெல்பர்ட்டின் தொப்பி குலுங்கியது.

"என் வீட்டுக்காரி மட்டும் சிங்கப்பூர்ல பொறந்திருந்தா நாங்க ரெண்டு பேரும் சிங்கப்பூர் வரிசையில நின்னிருக்கலாம். அதுல ஆளே இல்லை. மாமனார் அங்கதான் கப்பல் பட்டறையில வேலை பாத்தாரு. மாமியாரும் அங்கதான் இருந்தாங்க. ஆனா தலைப்பிரசவம் தாய்வீட்டுலதான் ஆகோணும்னு எங்க பக்கத்து வழக்கம். ஏழாம் மாசம் வளையல் அடுக்கிக் கரூருக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க. கொழந்தை பொறந்ததும் மறுபடி சிங்கப்பூர் போயிட்டாங்க. என் மாமியார் அந்த நாலு மாசம் அம்மா வீட்டுல ரசஞ்சோறு தின்னதுக்குத்தான் நான் இங்க வரிசையில நிக்கறேன்."

அதற்குமேல் மண்டபம் தாங்கவில்லை. மூன்றாம் வரிசையில் ஒருவர் வேர்க்கடலை புரையேறி வெளியே தூக்கிச் செல்லப்பட்டார். முன்வரிசையில் சண்முகப்ரியா மட்டும் சிரிக்கவில்லை. "எங்கம்மாவை இழுக்காம இவருக்குப் பேசவே வராது," என்று பல்லைக் கடித்தாள்.

"வக்கீல் கணக்குப் போட்டாருங்க. எனக்குக் கார்டு வர்றப்ப என் பேரன் ரிட்டயர் ஆயிருப்பானாம்," என்று முடித்தார் செழியன். முகத்தில் ஒரு நரம்பு ஆடவில்லை.

ஒருமனதாக முதல் பரிசு. "பின்னால் போகும் கவுண்ட்டர்! ஓர் அரசாங்கம் இப்படியும் செய்யும் என்று கற்பனை செய்ய எப்பேர்ப்பட்ட மூளை வேண்டும்!" என்று டெல்பர்ட் தழுதழுத்தார். "தொலைதூரத்திலிருந்து வந்த இந்த மனிதர் நம் மண்ணின் ஆன்மாவைக் கண்டுகொண்டார்!"

அப்புறம்தான் சடங்கு. வெற்றி பெற்றவர் கொம்பு முயலின் தலையில் கை வைத்து, 'நான் சொன்னதில் ஒரு சொல்லும் உண்மையில்லை' என்று சத்தியம் செய்ய வேண்டும். பக்கத்தில் முத்திரையோடு அரசாங்க நோட்டரி ஒருவர். கழகம் நிறுவப்பட்ட காலத்திலிருந்து வரும் வழக்கம்.

செழியனின் கை பாதி வழியில் நின்றது. ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டிவிட்டு, திரைக்குப் பின்னால் போய் வக்கீலுக்குப் போன் போட்டார்.

"சத்தியமா? நோட்டரி இருக்காரா?" ராமசுப்ரமணியனின் குரல் கிறீச்சிட்டது. "தொடாதீங்க! நீங்க சொன்னது அத்தனையும் உண்மை. உண்மையைப் பொய்னு நோட்டரி முன்னாடி சத்தியம் பண்ணினா அது பொய்ச் சத்தியம். நாளைக்கு அதையே தூக்கிக் காட்டினா கேஸ் காலி!"

"உண்மைன்னு சொன்னா?"

"பிரைஸ் காலி."

பின்னாலேயே வந்த சண்முகப்ரியா பொறுமையிழந்தாள். "ஏனுங்க, மொசல்தானே? சாமியா? கைய வெச்சுச் சொல்லிப்போட்டு வாங்க."

"மொசலுக்கு யாருடி பயந்தா? நோட்டரி இருக்காரு."

எதை எழுதினாலும் 'மேற்கண்டவை உண்மை' என்று கையெழுத்துப் போட்டே பழகிய கை அது. முயலை நோக்கி நகர மறுத்தது. செழியன் மைக்குக்குத் திரும்பி வந்து, "மன்னிக்கோணும். நான் சொன்னதெல்லாம் உண்மைங்க," என்றார்.

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. சத்திய நேரத்திலும் புளுகை விடாத கலைஞனை அந்த மண்டபம் அதுவரை கண்டதில்லை. எழுந்து நின்று தட்டினார்கள். செழியன் கையைப் பிசைந்தார். பிறகு கார் டிக்கியில் எப்போதும் கிடக்கும் ஃபைலை எடுத்து வந்தார். அசல் ஒரு பக்கம், மூன்று நகல் ஒரு பக்கம். நம் ஆட்கள் பால் வாங்கப் போனாலும் அந்த ஃபைல் கூடவே வரும்.

லோர்னா கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். முகம் வெளுத்தது. "தலைவரே, கவுண்ட்டர் நிஜமாகவே பின்னால் போகிறது."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "வெட்கக்கேடு!" உடனே எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். "வெட்கக்கேடு! வெட்கக்கேடு!" கவுண்ட்டரைச் சொல்கிறார்கள் என்று செழியன் ஒரு கணம் நெகிழ்ந்துபோனார். அவரைத்தான் சொன்னார்கள்.

டெல்பர்ட் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார். "இந்த மேடையில் குடிகாரர்கள் பேசியிருக்கிறார்கள். செனட்டர்கள் பேசியிருக்கிறார்கள். குதிரைத் திருடர் ஒருவர் மூன்று முறை பேசினார். எவரும் இப்படி நம்பிக்கைத் துரோகம் செய்ததில்லை. ஐயா, நாங்கள் உம்மை நம்பினோம். நீர் பொய் சொல்கிறீர் என்று முழு மனதோடு நம்பினோம்!"

பரிசு ரத்து. உறுப்பினர் பதவி ரத்து. செழியன் ஃபைலை மூடிக்கொண்டு இறங்கும்போது லோர்னா தலைவரின் காதில் முணுமுணுத்தது மைக்கில் தெளிவாகக் கேட்டது. "ஆனால் கதை நன்றாக இருக்கிறது."

"அப்படியானால் கதையை வைத்துக்கொண்டு ஆளை அனுப்பிவிடுவோம்," என்றார் டெல்பர்ட். "நம் முன்னோர்கள் எப்போதும் அப்படித்தான் செய்தார்கள்."

கார் டோல் ரோட்டில் ஏறிய பிறகு, "சொல்லியிருக்கலாம்," என்றாள் சண்முகப்ரியா. சற்றுப் பொறுத்து, "சொல்லாததும் நல்லதுதான்," என்றாள். செழியனின் வேலை அந்த வருடம் எப்படியோ தப்பியது. பக்கத்து மேஜைக்காரரின் வேலைதான் போனது.

அடுத்த வசந்தத்தில் அதிதியின் பள்ளியில் டெக்சாஸ் மரபு நாள். பெற்றோரெல்லாம் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருக்க, சிறப்பு விருந்தினராக மேடையேறியது அதே தொப்பி. டெல்பர்ட் ஹாக்கின்ஸ் பெல்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, 'வரிசைக்கார கிளெம்' என்னும் மிகத் தொன்மையான கதையைச் சொல்ல ஆரம்பித்தார்.

கிளெம் ஒரு மாடு மேய்ப்பவன். மேய்ச்சல் அனுமதிக்காக வரிசையில் நின்றான். கவுண்ட்டருக்கு அடியில் சக்கரம் வைத்துக் கோவேறு கழுதைகளைப் பூட்டியிருந்தார்கள். மாதம் ஒருமுறை அவை பின்னால் இழுத்துக்கொண்டு போகும். போதாக்குறைக்கு, கிளெமின் மாமியார் பிரசவத்துக்காக ஓக்லஹோமாவிலிருந்த அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஆகவே அவனை ஓக்லஹோமா வரிசைக்குத் தள்ளினார்கள். பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள்.

"அப்பா!" கதையில் தன் பாட்டியைக் கண்டுகொண்ட அதிதி எழுந்து நின்றுவிட்டாள். "தட்ஸ் கரூர் அம்மாயி! வை இஸ் ஷி இன் ஓக்லஹோமா?"

"உஷ், உக்காரு கண்ணு," என்றாள் சண்முகப்ரியா.

பின்னால் திரையில் விவரம் ஒளிர்ந்தது. பிறப்பிடம்: டெக்சாஸ். வயது: நூறு ஆண்டுகளுக்கு மேல். ஆசிரியர்: அறியப்படவில்லை. கதையின் முடிவில் கிளெம் கழுதைகளுக்குக் கேரட் கொடுத்து மயக்கி, கவுண்ட்டரைத் தன் பக்கம் இழுத்து, அனுமதி வாங்கிவிட்டான்.

செழியன் எழுந்து நின்று கைதட்டினார். அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எதுக்குங்க இந்தத் தட்டுத் தட்டறீங்க? நம்மளுதைத் திருடிட்டு நிக்கறான்."

"ஸ்கிரீனைப் பாரு ப்ரியா. பொறந்த எடம் டெக்சாஸ். நம்ம கதை வரிசையிலயே நிக்காம சிட்டிசன் ஆயிருச்சு."

சண்முகப்ரியா பார்த்தாள். கரூர்க்காரிக்குக் கணக்குப் போட நேரமாகாது. "இங்க பொறந்த புள்ளைக்கு இருபத்தொண்ணு முடிஞ்சா பெத்தவங்களுக்கு ஸ்பான்சர் பண்ணலாமுன்னு வக்கீல்தானே சொன்னாரு? இதுக்கு நூறு தாண்டிருச்சுன்னு அவங்களே எழுதி வெச்சிருக்காங்க. போன் போடுங்க."

இருவரும் வராந்தாவுக்கு வந்தார்கள். ராமசுப்ரமணியன் முழுவதையும் கேட்டார். சிரிக்கவில்லை.

"வாதம் புதுசா இருக்கு. தகப்பன் நீங்கதான்னு சாட்சி சொல்ல யாராவது இருக்காங்களா?"

அதற்குள் மண்டபக் கதவு திறந்து அதிதி ஓடிவந்தாள். சட்டையில் பளபளவென்று ஒரு நீல ரிப்பன். "அப்பா! ஐ டோல்ட் ஹிம் இட்ஸ் யுவர் ஸ்டோரி! எல்லாமே சொல்லிட்டேன், அம்மாயி, சிங்கப்பூர், எவ்ரிதிங்!"

"சார், சாட்சி இருக்குதுங்க," என்றார் செழியன் போனில். "எம் பொண்ணு தலைவர்கிட்டயே நேராச் சொல்லிட்டா."

"பிரமாதம்! அவர் என்ன சொன்னார்?"

செழியன் ரிப்பனைத் திருப்பிப் படித்தார்.

"இந்த வருஷத்தோட சிறந்த இளம் புளுகர்னு பரிசு குடுத்துட்டாருங்க சார்."